நாற்பதுக்கு ஒன்று குறைவு

மடத்தில் பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. பதின்மூன்றாவது போட இடமில்லை.

கட்டில்களில் கிடந்தவர்கள் பேருந்து நிலையத்திலும் சந்தை ஓரத்திலும் விழுந்து கிடந்தவர்கள். தேடி வர ஆளில்லாதவர்கள். ஒருவராலும் எழுந்து நடக்க முடியாது. உலகம்மை என்ற மூதாட்டி அவர்களைப் பார்த்துக்கொண்டார். ஊரார் அவரை அம்மை என்றே சொல்வார்கள்.

அம்மையிடம் ஞானம் கேட்டுச் சிலர் வருவதுண்டு. அவர் ஒரு வாளியைக் கையில் கொடுப்பார். பெரும்பாலோர் மறுநாள் வரமாட்டார்கள்.

தங்கியவர் ஒருவர்தான். பெயர் கோமதிநாயகம், வயது அறுபத்திரண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் காலையிலும் மாலையிலும் கட்டில்களை எண்ணுவார். யாரும் எங்கும் போக முடியாது என்று தெரிந்தும் எண்ணுவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போலீஸ்காரர் ஒருவர் ஓர் ஆளையும் ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து விட்டுப் போனார்.

ஆளின் பெயர் சேர்மதுரை. வயது இருபத்தேழு. சந்தையில் மூட்டை தூக்குபவன். நின்றிருந்த லாரியிலிருந்து பேட்டரியைக் கழற்றி விற்றிருக்கிறான். பிடிபட்டதும் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். முதல் குற்றம். மூன்று மாதச் சிறைக்குப் பதிலாக மடத்தில் நாற்பது நாள் சமூக சேவை செய்ய வேண்டும், காலை ஏழு மணி முதல் ஒரு மணி வரை. நாற்பத்தைந்து நாளுக்குள் முடிக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் சிறை. இப்படிக் காகிதத்தில் இருந்தது.

கோமதிநாயகம் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அம்மையிடம் போனார்.

"அம்மா, திருடினவன் ஜெயிலுக்குப் போகணும். மடத்துக்கு அனுப்புனா அது தண்டனையா?"

அம்மை தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த துணிகளைப் பார்த்தார்.

"உம்ம ஜெயிலுக்கு முதல் தடவையா வந்தவங்க எத்தனை பேரு?"

"என் பிளாக்குல இருநூத்திப் பதினாலு பேரு."

"எண்ணுனீரா?"

"எண்ணுனேன். அதுல தொண்ணூத்தேழு பேரு மறுபடி வந்தாங்க."

"மிச்சம் நூத்திப் பதினேழு பேரு?"

"தெரியாதும்மா. கேட்டைத் தாண்டிட்டா எங்க கணக்குல கெடையாது."

"இருபத்து நாலு விரிப்பு கெடக்கு" என்றார் அம்மை. "முதல்ல அதை யாராவது துவைக்கட்டும்."

*

கோமதிநாயகம் ஒரு நோட்டு வாங்கினார். அதில் நாற்பது கட்டம் போட்டார். கோடு ஒன்றும் கோணவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்குக் கிணற்றடியில் நின்று பெயர் கூப்பிடுவார்.

"சேர்மதுரை!"

"ஐயா, நான் ஒருத்தன்தான் நிக்கேன். இம்புட்டுச் சத்தம் எதுக்கு?"

"ஆஜர் கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொல்லணும்."

"உள்ளேன். உள்ள இல்லாம வெளியவா நிக்கேன்."

ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு விரிப்பு. எல்லாம் அழுக்கானவை. என்ன அழுக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் சேர்மதுரை முருங்கை மரத்தடிக்குப் போய் இரண்டு முறை வாந்தி எடுத்தான். கோமதிநாயகம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்டனைதான் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

எட்டாம் நாள் வாந்தி நின்றது. பதினோராம் நாள், கட்டில்காரர்களைப் புரட்டிப் போட ஆள் வேண்டும் என்று அம்மை அவனை உள்ளே கூப்பிட்டார்.

ஆறாவது கட்டிலில் ஞானமுத்து என்பவர் கிடந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ஆள் நல்ல உயரம், நல்ல கனம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடாவிட்டால் உடம்பு புண்ணாகும். அம்மைக்கு வயது எழுபத்தொன்று. கோமதிநாயகத்துக்குக் குடலிறக்க அறுவை செய்த வயிறு. இருவரும் சேர்ந்து அவரைத் திருப்பினால் மூவருக்கும் வலிக்கும்.

சேர்மதுரை கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான்.

"கையால தூக்கப்பிடாது" என்றான். "கையால தூக்குனா ரெண்டு பேருக்கும் நோவு. விரிப்போட சேத்துப் புரட்டணும். தாத்தா, பயப்படாண்டாம். உம்ம மாதிரி கனமான மூட்டை எல்லாம் பாத்திருக்கேன். கீழ போட்டது ஒண்ணுதான். அது உளுந்து."

அடியில் கிடந்த விரிப்பை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். ஞானமுத்து முனகல் இல்லாமல் திரும்பினார். திரும்பியவர் இடது கையால் கட்டில் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன சொல்லுதாரு?"

"தெரியலை" என்றார் அம்மை. "இதுவரைக்கும் தட்டுனதில்ல."

அதற்குப் பிறகு காலையில் அவன் கூடத்துக்குள் கால் வைத்ததும் ஆறாவது கட்டிலிலிருந்து ஒரு தட்டுச் சத்தம் கேட்கும். கோமதிநாயகம் இதை நோட்டில் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

*

முப்பத்தாறாம் நாள் ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சேர்மதுரை துண்டை உதறித் தோளில் போட்டான். கோமதிநாயகம் அவனை நிற்கச் சொன்னார்.

சிறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒழுங்காக நடக்கும் கைதிக்குத் தண்டனையில் சில நாட்களைக் குறைப்பார்கள். அதற்கு ரெமிஷன் என்று பெயர். அந்தத் தாளைக் கையில் கொடுக்கும்போது எப்படிப்பட்ட கைதியும் கும்பிடுவான். கோமதிநாயகத்தின் முப்பத்து மூன்று வருட வேலையில் அவருக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

"ஒரு நாள்கூடப் பிந்தி வரலை. எதுத்துப் பேசலை. பேசினே, ஆனா வேலையை விட்டுட்டுப் பேசலை. உனக்கு நாலு நாள் ரெமிஷன்."

"அப்படின்னா?"

"அப்படின்னா முடிஞ்சுது. நாளையிலிருந்து வரவேண்டாம்."

சேர்மதுரை அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கைகளைக் கூப்பிக் கும்பிட்டான். தெருவரைக்கும் நடந்து, தெருவிலிருந்து ஓடினான்.

கோமதிநாயகம் மீதி நான்கு கட்டங்களுக்கும் குறுக்கே 'ரெமிஷன்' என்று எழுதினார். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார்.

*

முப்பத்தேழாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆறாவது கட்டிலிலிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அம்மை தொட்டி அருகில் வந்தார்.

"எங்க அவன்?"

கோமதிநாயகம் விவரம் சொன்னார். பெருமையாகவே சொன்னார்.

அம்மை தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். முட்டியைத் தடவிக்கொண்டார்.

"அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து வாசியும்."

அவர் கொண்டுவந்து நின்றபடி வாசித்தார். நாற்பது நாள் என்ற இடம் வந்தது. ஒரு நாள் குறைந்தாலும் என்ற இடம் வந்தது. அதோடு அவர் குரல் நின்றது.

"ரெமிஷன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்லம்மா."

"சரி" என்றார் அம்மை. எழுந்து, முதல் விரிப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தார். கோமதிநாயகம் இரண்டாவதை எடுத்தார். இருபத்து நாலும் முடிய மத்தியானம் மூன்று மணி ஆனது. அதற்குள் ஞானமுத்துவை ஒரு முறைதான் திருப்ப முடிந்தது.

சாயங்காலம் கோமதிநாயகம் சேர்மதுரையின் வீட்டுக்கு நடந்தார். அவன் மனைவி மாரிக்கனி வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"லோடு ஏத்திட்டு நாக்பூர் போயிருக்காவ. விடியக்காலம் போயாச்சு. முடிஞ்சிட்டுன்னு சந்தோஷமாப் போனாவ. ஏன் ஐயா, முடியலையா?"

"எப்ப வருவான்?"

"ஆறு நாளு ஆகும்."

கோமதிநாயகம் விரல் விட்டு எண்ணினார். நாற்பத்திரண்டாம் நாள் காலையிலாவது அவன் தொட்டியடியில் நிற்க வேண்டும். நின்றால் நாற்பத்தைந்துக்குள் நாலு நாள் சரியாக வரும்.

லாரி ஓட்டுநர் மூன்று நாள் செல்போனை எடுக்கவில்லை. நாற்பதாம் நாள் எடுத்தார். சேர்மதுரை பேசினான்.

"சரக்கு எறக்கியாச்சு ஐயா. இப்பதான் திரும்புதோம்."

"இன்னும் நாலு நாள் பாக்கி. நான் பண்ணினது செல்லாது. ஜெயில்ல போட்டுருவாங்க."



"நீங்கதான ஐயா போகச் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

"மூணு மாசம் உள்ள இருந்தா சந்தையில என் எடம் போயிரும். பதினெட்டுப் பேருக்குத்தான் அங்க எடம். வேற ஆளைப் போட்டுருவாவ. பெறகு நான் எதைத் தூக்க?"

"வேகமா வா."

"லாரியை நான் தூக்கிட்டு ஓடவா ஐயா?" என்றான் சேர்மதுரை. கோபமாகச் சொல்லவில்லை. களைத்த குரலில் சொன்னான்.

நாற்பத்திரண்டாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு அவன் ஊர் வந்து சேர்ந்தான்.

நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து ஆகிய மூன்று நாளும் வந்தான். யாரோடும் பேசவில்லை. கோமதிநாயகம் பெயர் கூப்பிடவில்லை. முப்பத்தாறும் மூன்றும் முப்பத்தொன்பது.

*

கடைசி நாள் ஒரு மணிக்குச் சேர்மதுரை துணிக்கொடி அருகில் நின்றான்.

"ஐயா, ஒரு நாளு."

"தெரியும்."

"நீங்க எழுதுற நோட்டுதான. ஒண்ணு கூட எழுதினா யாருக்கு நட்டம்?"

அன்று மத்தியானம் கோமதிநாயகம் கடைக்குப் போய்ப் புது நோட்டு ஒன்று வாங்கினார். நாற்பது கட்டம் போட்டார். பழைய நோட்டைப் பார்த்து முப்பத்தொன்பது கட்டங்களை நிரப்பினார். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அது முப்பத்தேழாம் நாளின் கட்டம். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அம்மையிடம் போனார். அம்மை ஒன்பதாவது கட்டில்காரருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, முப்பத்து மூணு வருஷத்துல ஒரு தலையைக்கூட நான் கூட்டியும் எழுதினதில்ல, குறைச்சும் எழுதினதில்ல."

"ம்."

"இப்ப ஒண்ணு கூட்டி எழுதினா ஒருத்தன் தப்பிப்பான். தப்பு அவனுது இல்ல, என்னுது. முதல் தடவையா உள்ள வாரவன் மூணு மாசத்துல என்ன ஆவான்னு எனக்குத் தெரியும். பக்கத்துல படுக்கிறவன் சொல்லிக் குடுத்துருவான். யாருக்கு நட்டம்னு கேக்கான். எனக்குப் பதில் தெரியலை. எழுதட்டுமா?"

அம்மை கஞ்சிக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"எழுதும். எழுதிட்டு, முப்பத்தேழாம் நாள் விரிப்பை யாரு துவைச்சதுன்னும் பக்கத்துல எழுதும்."

கோமதிநாயகம் வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். மூடினார். எழுந்து போய், புது நோட்டை எரிப்பதற்கு அடுப்புப் பக்கம் வைத்துவிட்டுப் பழைய நோட்டை எடுத்தார். 'ரெமிஷன்' என்ற எழுத்துக்குக் கீழே இப்படி எழுதினார்: வந்தது முப்பத்தொன்பது நாள். குறைந்தது ஒரு நாள். குறைத்தது நான்.

*

நீதிபதி ஓர் அம்மாள். நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெமிஷன் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க."

"உத்தரவில் இருக்கிறதா?"

"இல்லைங்க. என் பழக்கத்துல இருந்தது."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"முப்பத்து மூணு."

நீதிபதி சேர்மதுரை பக்கம் திரும்பினார்.

"நாலு நாள் வர வேண்டாம் என்று இவர் சொன்னபோது நீ என்ன சொன்னாய்?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. கும்பிட்டேன்."

"நாற்பது நாள் என்று உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"பிறகு ஏன் போனாய்?"

"துணி நாறும்மா" என்றான் சேர்மதுரை.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் முன்னால் இன்னும் முப்பது கட்டுக் காகிதம் இருந்தது. அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"நாற்பது என்று எழுதியிருந்தால் உள்ளே புரட்டாமலே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார் கோமதிநாயகத்திடம். "எழுதவில்லை. அதனால் வாசிக்க வேண்டியதாயிற்று."

"சரிங்க."

"கெடுவை ஒரு நாள் நீட்டுகிறேன். நாளைக்கு. மழை பெய்தாலும் நாளைக்குத்தான். வராவிட்டால் மூன்று மாதம்."

மறுநாள் மழை இல்லை. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே சேர்மதுரை தொட்டியடியில் நின்றான். இருபத்து நாலு விரிப்பையும் துவைத்தான். ஒரு மணிக்குக் கோமதிநாயகம் நோட்டை நீட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை கும்பிடவில்லை.

"தாத்தாவை இடது பக்கம் போட்டிருக்கேன்" என்றான். "வலது இடுப்புப் புண்ணு அழுந்தாம முதுகுப் பக்கம் மடிச்ச துணி முட்டு வச்சிருக்கேன். மூணு மணிக்குத் திருப்பணும். விரிப்பைப் பிடிச்சுத் திருப்புங்க. கையைப் பிடிச்சு இழுக்காண்டாம், அவருக்கு நோவும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். தெருவுக்குப் போயும் ஓடவில்லை, நடந்தே போனான். சந்தையில் மத்தியான லோடு வரும் நேரம்.

*

மூன்று மணிக்கு அம்மையும் கோமதிநாயகமும் ஆறாவது கட்டிலுக்கு வந்தார்கள். அம்மை வேட்டியை விலக்கிப் பார்த்தார். ஞானமுத்துவின் வலது இடுப்பில் மூன்று விரல் அகலத்தில் புண் இருந்தது. சேர்மதுரை வராத ஆறு நாளில் வந்த புண். இனி ஆற மாதக்கணக்கு ஆகும்.

கோமதிநாயகம் புண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"அங்க நான் ரெமிஷன் தாளைக் குடுத்தவன் எல்லாம் கும்பிட்டுத்தான் போயிருக்கான். நான் பண்ணின ஒரே நல்ல காரியம் அதுதான்னு நெனச்சிட்டிருந்தேன். இங்கயும் அதையேதான் பண்ணினேன். இங்க மட்டும் அது எப்படித் தப்பாச்சு?"

அம்மை புண்ணில் மருந்து தடவி முடித்தார். விரலைத் துடைத்துக்கொண்டார். பேசுவதற்கு முன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"அங்க நீர் குறைச்சுக் குடுத்த நாளெல்லாம் அவனவன் நாளு. இங்க நாலு நாளைக் குறைச்சீரே, அது யாரு நாளு?"

கோமதிநாயகம் விரிப்பின் மறுமுனையைச் சுருட்டிப் பிடித்தார்.